ஒரு தாச்சியில் கடலையும் முட்டையும்

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குக் கடலையின் மணம் புதிதன்று. மாலை வேளையிற் கடற்கரைக்குக் காற்று வாங்கச் சென்றால், அவித்துத் தாளித்த கடலையின் வாசனை நம்மை நிறுத்திவிடும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பாடசாலைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் விழுவதும் அதுவே. பூசைக்கு ஊறவைத்ததில் எஞ்சிய கடலை மறுநாட் காலையில் எமது சமையலறையில் எவ்வாறு ஒரு வேளை உணவாயிற்று என்பதையே இங்குக் கூற வந்தோம்.

2022ஆம் ஆண்டை இல்லத்தரசிகள் எளிதில் மறவார்கள். சமையல் எரிவாயு அரிதாயிற்று. மண்ணெண்ணெய்க்கு மணிக்கணக்காய் வரிசையில் நின்றோம். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆங்கிலேயர் அமைக்கத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது சீனன்குடாவில் நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தவை. அவற்றின் அயலிலே வாழும் நாம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குக் காத்து நின்றதை நினைத்தால் இன்றும் வியப்பே.

எமது தாயார் மரக்கறி உணவினர். அவருக்கென ஒரு பாத்திரம், பிள்ளைகளுக்கென இன்னொன்று என்று இரண்டு முறை அடுப்பேற்றுவது எம் வீட்டு வழக்கம். விறகுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, "எனக்குச் சோறும் சம்பலும் போதும், தம்பி, பிள்ளைகளுக்குச் சமையுங்கோ" என்றார் அவர். சில வாரங்களில் அவரது கைவளையல்கள் தளர்ந்து முழங்கைவரை ஏறியதைக் கண்டோம். வீட்டின் மூத்தவர் சொல்லாமலே பட்டினி கிடப்பதா என்று மனம் வருந்திற்று.

வழி கண்டவர் எமது மனைவியார். "முட்டை விழுவதற்கு முன்னமே மாமிக்கு எடுத்துவிட்டால் அது வெறும் கடலைக் கறிதானே?" என்றார். தாயார் சற்று யோசித்தார். "தாச்சியைச் சாம்பலிட்டு நன்றாக விளக்கு, பிள்ளை, அது போதும்" என்றார். நெடுநாள் நோன்பை விடாது காத்தவர், குடும்பத்தின் பொருட்டு ஓரடி இறங்கி வந்தார்.

செய்முறை எளிதே. ஐவருக்குக் கால் கிலோ கடலையை எட்டு மணி நேரமாவது ஊறவிடுக. ஊறிய கடலை விரைவில் வேகும், விறகு மிச்சமாகும். உப்பிட்டு, மூடி, மெத்தென வேகவைத்து, நீரைக் கொட்டாது வேறாக வைக்க. அதே தாச்சியைத் துடைத்து, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளிக்க. அரிந்த சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டும் உள்ளி நான்கு பல்லும் பொன்னிறமாய் வதங்கியபின், பழுத்த தக்காளி மூன்றை நறுக்கிச் சேர்க்க. தக்காளி குழைந்ததும் மஞ்சள் சிறிதும் கறித்தூள் இரண்டு தேக்கரண்டியும் இட்டு, கடலையையும் அவித்த நீர் ஒரு தம்ளரையும் விட்டுக் கொதிக்கவிடுக. பின்பு அரைத் தம்ளர் தேங்காய்ப்பால் சேர்த்து நெருப்பைத் தணிக்க.

இப்பொழுதுதான் முக்கியமான கட்டம். மரக்கறி உண்பவரின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துத் தேசிப்புளி பிழிந்து வைத்துவிடுக. அதன்பின், அகப்பையின் பின்புறத்தாற் கறியிற் குழிகள் செய்து, முட்டைகளை ஒவ்வொன்றாய்க் கோப்பையில் உடைத்து, பழுதில்லை என்று கண்டு, அக்குழிகளில் ஊற்றுக. மூடியிட்டு ஏழெட்டு நிமிடம் தணலில் விட்டால் வெண்கருவும் மஞ்சட் கருவும் இறுகிவிடும். மிளகுத்தூள் தூவி இறக்கி, தேசிப்புளி விடுக. பாணுக்கும் தேங்காய்ப்பூ ரொட்டிக்கும் இது நல்ல துணை.

இதில் சத்துக்கும் குறைவில்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதமும், நூறு கிராம் உலர்ந்த கடலையில் இருபது கிராம் அளவிலும் உண்டு. கடலையிற் குறைவான சில சத்துக்களை முட்டை நிறைவு செய்யும். கடலையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கத் தேசிப்புளி உதவும். இச்சேர்க்கை எமக்கு மட்டும் உரியதன்று. வட ஆபிரிக்காவின் தூனிசியாவில், சீரகமிட்ட கடலைச் சாற்றில் பழைய பாண் துண்டுகளை ஊறவைத்து, மேலே முட்டையும் உடைத்து ஊற்றி 'லப்லாபி' என்று உண்கின்றனர். பழம்பாணை வீணாக்காத குடும்பங்கள் எங்கும் உண்டு போலும்!

எரிவாயு இப்பொழுது கிடைக்கின்றது. ஆயினும் சனிக்கிழமைகளில் இத் தாச்சி எம் அடுப்பில் ஏறாமலில்லை. முட்டையை உடைக்கும் வேலையை எமது மூத்த மகள் ஏற்றுக்கொண்டாள். ஆனால், "அப்பம்மாவின் கிண்ணம் எடுத்தாயிற்றா?" என்று கேட்காமல் அவள் ஒரு முட்டையையும் தொடுவதில்லை.