காணாத காணியில் ஒரு பங்கு

சென்ற வாரம் லேவியரைப் பார்த்தோம். குடியிருக்க 48 பட்டணங்கள், ஆடுமாடு மேய அவற்றைச் சுற்றிய வெளிநிலம். அதற்குமேல் உழுது பயிரிட ஒரு வயல்கூட அவர்களுக்கென்று பிரிக்கப்படவில்லை. கர்த்தரே எங்கள் சுதந்தரம் என்று அவர்கள் மனநிறைவோடு இருக்க வேண்டியிருந்தது. இந்த வாரம் வருகிறவர்களோ நிலம் வேண்டும் என்று சபை நடுவே வாய்திறந்து கேட்டவர்கள். மனாசே கோத்திரத்துச் செலோப்பியாத்தின் மகள்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்.

அவர்கள் கேட்ட நேரத்தைக் கவனியுங்கள். இஸ்ரவேலர் மோவாபின் சமவெளியில், எரிகோவுக்கு எதிரே, யோர்தானுக்குக் கிழக்கே பாளயமிறங்கியிருக்கிறார்கள். கானானில் ஒரு பிடி மண்கூட இன்னும் கைக்கு வரவில்லை. போருக்குப் போகத்தக்க ஆண்களைத் தலையெண்ணி முடித்தாயிற்று, தொகை 6,01,730. நிலத்தைப் பங்கிடவும் அதே கணக்குதான் அடிப்படை. ஆள் மிகுந்த கோத்திரத்துக்கு மிகுதி, குறைந்த கோத்திரத்துக்குக் குறைவு. எந்தப் பகுதி யாருக்கு என்பது சீட்டு விழுகிறபடி. செலோப்பியாத் வனாந்தரத்திலேயே இறந்துபோனார். மகன் இல்லை. எண்ணப்பட்டவர்களில் அவர் வீட்டு ஆள் ஒருவரும் இல்லாததால் அந்த வீட்டுக்குப் பங்கும் இல்லை. ஆனாலும் ஆண்களை எண்ணுகிற எண்ணாகமம் 26ஆம் அதிகாரமே, இவருக்கு இருந்தது மகள்கள் மட்டும் என்று சற்று நின்று, ஐந்து பெயரையும் எழுதிவிட்டுத்தான் மேலே போகிறது. அடுத்த அதிகாரத்தில் அந்தப் பெயர்கள் எழுந்து நடந்து வருகின்றன.

ஆசரிப்புக்கூடார வாசலில் மோசே, ஆசாரியனாகிய எலெயாசார், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்றார்கள். அவர்களுடைய வழக்கு சுருக்கமானது. எங்கள் தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவரல்ல. தம்முடைய பாவத்தில் இறந்தார். மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா? எங்கள் தகப்பனுடைய சகோதரர் நடுவே எங்களுக்கும் காணி கொடுங்கள்.

கோராகின் பேச்சை இங்கே ஏன் எடுத்தார்கள்? எண்ணாகமம் 16ஐத் திருப்பிப் பார்த்தால் புரியும். கோராகோடு சேர்ந்து எழும்பிய தாத்தானும் அபிராமும் மோசேயின்மேல் வைத்த குற்றமே நிலத்தைப் பற்றியதுதான். வயலும் திராட்சத்தோட்டமும் சுதந்தரமாகத் தருவேன் என்றாயே, எங்கே என்று கேட்டார்கள். அடிமைகளாய்ச் செங்கல் சுமந்த எகிப்தைப் பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்றார்கள். அந்தப் பெண்கள் கேட்டதும் வயலைத்தான். ஆனால் அவர்கள் கலகக்கூட்டம் சேர்க்கவில்லை. கர்த்தருடைய கூடாரத்து வாசலுக்கு வந்தார்கள். வரப்போகும் தேசத்தைப் பற்றி அவர்களுக்குத் துளியும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. எஸ்கோலின் திராட்சக்குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கிவந்து காட்டியும் நம்பாமல், எகிப்துக்கே திரும்புவோம் என்று இரவெல்லாம் அழுதது அவர்களுடைய தகப்பன்மாரின் தலைமுறை. அந்தத் தலைமுறையின் மகள்கள், கண்ணால் காணாத காணியில் எங்கள் பங்கை எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள். விசுவாசம் என்று நாம் எதையெதையோ சொல்கிறோம். எனக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் மோசேயின் ஐந்து ஆகமங்களிலும் அதிகம் தென்படவில்லை.

இந்த ஆசை அந்த வீட்டில் பரம்பரையாக இருந்தது. அவர்களுடைய வம்சத்தைச் சொல்லும்போது எப்பேர், கீலேயாத், மாகீர், மனாசே என்று ஏறிப்போய் யோசேப்பு வரைக்கும் வேதம் சொல்கிறது. எகிப்தில் அதிபதியாய் இருந்து மரித்தவர் யோசேப்பு. என் எலும்புகளை இங்கே விட்டுவிடாதீர்கள் என்று ஆணையிட்டு வாங்கியவர். அந்த எலும்புகள் இந்தப் பயணம் முழுவதும் இஸ்ரவேலரோடு கூடவே வந்தன. தேசத்தை யோசேப்பு நேசித்ததுபோல அவருடைய வம்சத்துப் பெண்களும் நேசித்தார்கள் என்று பழைய யூத உரையாசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள்.

மோசே என்ன செய்தார்? நாற்பது வருஷம் ஜனங்களை நியாயம் விசாரித்தவர். வழக்கம் இதுதான், போங்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். தேவதூஷணம் சொன்னவன், பஸ்காவை உரிய நாளில் ஆசரிக்க முடியாமற்போனவர்கள், ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவன், இந்த ஐந்து பெண்கள் என நான்கு வழக்குகளில் மோசே தாமாகத் தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரின் வார்த்தைக்குக் காத்திருந்தார். இந்தத் தடவை வந்த பதில், அந்தப் பெண்கள் சொல்வது சரி என்பது. அவர்களுக்குப் பங்கு கொடுக்கச் சொன்னதோடு நிற்காமல், மகன் இல்லாவிட்டால் மகளுக்கு, அவளும் இல்லாவிட்டால் சகோதரருக்கு என்று தேசம் முழுமைக்கும் அது கட்டளையாயிற்று.

இதை அடுத்து வரும் வசனத்தை நாம் சேர்த்து வாசிப்பதில்லை. அபாரீம் மலையில் ஏறித் தேசத்தைப் பார், பார்த்தபின் நீ மரிப்பாய் என்று கர்த்தர் மோசேக்குச் சொல்கிறார். ஐந்து பெண்களின் காணிக்காகக் கர்த்தரிடம் வழக்குக் கொண்டுபோன மனிதருக்கு அந்தத் தேசத்தில் காலடி வைக்கவும் இடமில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்றை இன்னொருவருக்கு மனமுவந்து வாங்கிக்கொடுப்பது எளிதல்ல. மோசே அதைச் செய்தார்.

கதை இத்தோடு முடிந்துவிட்டதாகப் பிரசங்கங்களில் சொல்லிவிடுகிறோம். 36ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. கீலேயாத் வம்சத்துத் தலைவர்கள் மோசேயிடம் வந்து, இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் எங்கள் நிலம் அங்கே போய்விடுமே என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரி என்று பதில் வந்தது. தகப்பனுடைய கோத்திரத்துக்குள்ளேயே அந்தப் பெண்கள் மணமுடிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஐவரும் சிற்றப்பன் பெரியப்பன் மகன்களை மணந்தார்கள். நிலம் கர்த்தருடையது, கோத்திரத்துக்கு ஒப்படைக்கப்பட்டது, ஐம்பதாம் வருஷமான யூபிலியில் விற்ற நிலமும் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அந்தச் சமுதாயத்தின் அஸ்திபாரம். அதிலிருந்து பார்த்தால் விதியின் நியாயம் புரிகிறது. எல்லையைக் காக்கும் சுமை பெண்களின் கலியாணத்தின்மேல் விழுந்தது என்பதும் உண்மை. சகோதரர் இருக்கும் மகளுக்கு இந்தக் கட்டளையில் பங்கு இல்லை என்பதும் உண்மை. யோபு தம் மூன்று மகள்களுக்குச் சகோதரரின் நடுவிலேயே சுதந்தரம் கொடுத்தார் என்று வேதம் தனியாக எடுத்துச் சொல்வது, அது அத்தனை அரிதாக இருந்ததால்தான்.

பிறகு யோர்தானைக் கடந்தார்கள், யுத்தங்கள் நடந்தன, மோசே இல்லை. யோசுவா 17இல் அதே ஐந்து பெண்கள் எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் முன்பாக மறுபடியும் வந்து நிற்கிறார்கள். கட்டளை இருந்தும் அவர்கள் வந்து நினைப்பூட்ட வேண்டியிருந்தது. இந்தத் தடவை தர்க்கம் இல்லை, கொடுத்தார்கள். யோர்தானுக்கு மேற்கே மனாசேக்குப் பத்துப் பங்கு விழுந்தது. அந்தப் பத்து எப்படி வந்தது என்று கணக்குப் பாருங்கள். அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், செமீதா என்ற ஐந்து வம்சங்களுக்கு ஐந்து. ஆறாவதான எப்பேரின் வம்சம் செலோப்பியாத்தின் வீடு. அந்த இடத்தில் ஐந்து பெண்களுக்கு ஐந்து.

இதற்கு மண்ணுக்குள்ளிருந்தும் ஒரு சாட்சி உண்டு. 1910இல் சமாரியாவின் அரண்மனை இடிபாடுகளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது, மையால் எபிரெயு எழுதிய பானையோடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ராஜாவின் பண்டசாலைக்கு ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி நல்ல எண்ணெய் வந்தது என்பதுபோன்ற வரவுக் குறிப்புகள். எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்ற இடத்தில் அபியேசர், ஏலேக், செகேம், செமீதா என்ற பெயர்கள் இருக்கின்றன. அவற்றோடு நோவாளும் ஒக்லாளும் இருக்கிறார்கள். அந்த மலைச்சரிவில் ஒலிவமரம் வைத்தவர்கள் நூற்றாண்டுகள் கழித்தும் அந்த நிலத்தை அந்தப் பெண்களின் பெயரால்தான் அழைத்தார்கள்.

எப்ரோன் மலைநாட்டைக் கேட்ட காலேபைப் பற்றி நம் மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். இந்த ஐந்து பேரைப் பற்றியும் பேசுங்கள், போதகர்களே. வாசகர்களே, எண்ணாகமம் 27, 36, யோசுவா 17 ஆகிய மூன்றையும் இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் சேர்த்து வாசியுங்கள்; மகள் இருக்கிற வீடுகளில் அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். தகப்பன் சொத்தைப் பாகம் பிரிக்க உட்காருகிறவர்கள், அக்காள் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வாசியுங்கள்.

அடுத்த வாரம், பிதாக்களின் சுதந்தரத்தை ராஜாவுக்கே விற்க மறுத்த யெஸ்ரயேலின் நாபோத்.