தரையிலிருந்து மாடிக்குப் போன முயல்

திருவண்ணாமலையில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு முயல் வளர்த்த வீட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஆப்பிள் பெட்டி பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்கள். பழக்கடையில் காலியான மரப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, முன்பக்கப் பலகை இரண்டைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் கோழி வலையை வைத்து ஆணி அடிப்பார்கள். நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்தால் முயல் வீடு தயார். வைக்கும் இடம் பெரும்பாலும் பின்கட்டுத் தோட்டம். கிணற்றடி ஈரமும் வேம்போ முருங்கையோ தரும் நிழலும் அங்கே இருக்கும். பகலெல்லாம் முயல் மண்ணில் திரியும், அருகம்புல்லைக் கடிக்கும், துவைக்கிற கல்லுக்கு அடியில் பள்ளம் பறித்துப் படுக்கும். பொழுது சாயும்போது கோழிகளை அடைக்கிற கையோடு அதையும் பிடித்துப் பெட்டிக்குள் விடுவார்கள்.

அந்தப் பெட்டி ராத்திரிக்குக் காவலாக இருந்ததில்லை. கோழி வலையின் கம்பி மெல்லியது. நாய் பல்லில் கவ்வி இழுத்தால் பிரிந்து வரும். கீரிப்பிள்ளைக்குப் பலகை இடுக்கு போதும். மரநாய் ஓட்டின் மேலிருந்து இறங்கும். சாரைப்பாம்பு குட்டிகளை விழுங்கிவிட்டு வந்த வழியே போய்விடும். மலையடிவாரத் தெருக்களில் விடிந்ததும் பெட்டியைத் திறந்தவர்கள் வெறும் ரோமத்தைப் பார்த்த கதைகள் உண்டு. வேலிக்கு அடியில் வளை தோண்டி அடுத்த வீட்டுத் தோட்டத்தில் தலைகாட்டிய முயல்களும் உண்டு. அவற்றில் பாதி நாய் வாயில் முடிந்தன.

ஆனால் வெயில் அன்றைய முயலுக்குப் பெரிய எதிரியாக இருக்கவில்லை. சூடு ஏறினால் ஈர மண்ணைப் பறித்து, வயிற்றை அதில் அழுத்திப் படுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியதை அதுவே தேடிக்கொண்டது.

இதற்கு அதன் பிறவிதான் காரணம். நம் மலைச்சரிவிலும் மானாவாரிக் காட்டிலும் பாய்ந்து ஓடுகிற காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டாது; புல் மறைவில் உடம்பு அளவுக்கு ஒரு குழிவு செய்து படுக்கும்; பிறக்கும்போதே அதன் குட்டிக்குக் கண் திறந்து, உடம்பெல்லாம் ரோமம் இருக்கும். வீட்டில் வளர்ப்பது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த உயிர். அதன் குட்டி கண் மூடி, ரோமம் இல்லாமல், இருட்டில் பிறக்கும். பகலில் இருட்டும் குளிர்ச்சியும் ஒளிந்துகொள்ள ஒரு வாசலும் கேட்கிற உடம்பு அது. அந்த மூன்றையும் அன்றைய பின்கட்டு யாரும் யோசிக்காமலே கொடுத்துவந்தது.

பின்கட்டுதான் முதலில் போனது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து, திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற கூட்டம் ஆயிரங்களிலிருந்து லட்சங்களுக்கு ஏறியது. 2024இல் ஊர் மாநகராட்சியானது. தோட்டம் இருந்த இடங்களில் விடுதிகள், கடைகள், வாடகைக்கு விட ஒன்றின் மேல் ஒன்றாக அறைகள். நாட்டு ஓடு இறங்கி கான்கிரீட் ஏறியது. குடும்பத்துக்கு மிஞ்சிய திறந்தவெளி மொட்டை மாடி மட்டும்தான். முயலும் அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்றைய கூண்டைக் குறை சொல்ல முடியாது என்று பார்த்தவுடன் தோன்றும். வெல்டு மெஷ், இரும்புச் சட்டம், கழிவு விழ அடியில் தட்டு, நல்ல தாழ்ப்பாள், மேலே தகர ஷீட். கீரி நுழையாது, நாய் மாடி ஏறாது. இத்தனை பத்திரத்துக்கும் நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் முயல்கள் செத்துப்போகின்றன. 40 டிகிரியைத் தொடும் பகலில் கான்கிரீட் தளம் கீழிருந்து சுடுகிறது, தகரம் மேலிருந்து சுடுகிறது, நாலு பக்கமும் அனல் காற்று. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டை அது பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். காற்றே காதைவிடச் சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபடும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறுகிற உயிர் அது. மூக்கும் வாயும் நனைந்து, பக்கவாட்டில் சரிந்து, வேகமாக மூச்சு வாங்கினால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள். அப்போது ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றக் கூடாது. அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். நிழலுக்குக் கொண்டுபோய், காதைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தபடி கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அடித்தளமும் கம்பியாலான இந்தக் கூண்டு, பண்ணைக்காக யோசிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் முயல் ஆராய்ச்சி நடந்த இடங்களைப் பாருங்கள்: நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானல் மலையில் மன்னவனூர். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள் மன்னவனூர் குளிரில் வளர்க்கப்பட்டவை. அங்கே காற்றோட்டமான கம்பிக் கூண்டு, கழிவு தங்காமல் நோயைக் குறைத்தது. கூரைக்குக் கீழே கொட்டகையில் இருந்தது. அதே கூண்டைக் கொட்டகை இல்லாமல், மலைக் குளிர் இல்லாமல், திருவண்ணாமலை மாடியில் வைத்துவிட்டோம். கம்பித் தரையில் ஓயாமல் நின்று பின்னங்கால் தோல் உரிந்து புண்ணான முயல்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பலகை ஒன்றைத் தரையில் போட்டால் தடுத்துவிடக்கூடிய துன்பம் அது.

கினி பிக் இந்த ஊருக்குப் புது வரவு. அன்று அதை ஆய்வுக்கூடத்துப் பிராணியாகத்தான் நாம் கேள்விப்பட்டிருந்தோம். இன்று வளர்ப்புப் பிராணிக் கடைகளில் முயலுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரே கூண்டில் விடலாம் என்று சொல்லி விற்கிறார்கள். விடக் கூடாது. முயலின் ஓர் உதையில் கினி பிக்கின் எலும்பு முறியும். முயல் நோய் காட்டாமல் சுமக்கும் சில கிருமிகள் கினி பிக்குக்கு நுரையீரல் நோயாக மாறும். தீனியும் வேறு: நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பு வைட்டமின் சி தயாரிக்காது. நாள்தோறும் குடைமிளகாயோ கொத்தமல்லியோ ஒரு துண்டு கொய்யாவோ கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி, மூட்டு வலித்து, நடக்க முடியாமல் போகும். ஆண்டிஸ் மலைக்காரர் வீட்டு அடுப்படியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இந்த உயிருக்கு ஏறவும் தெரியாது, தோண்டவும் தெரியாது, வெயில் தாங்கும் தெம்பும் குறைவு. மாடியில் அதை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திண்ணை, நடை, நிழலான தரைத்தளம் இருந்தால் வளர்க்கலாம்.

அப்படியானால் இன்றைய வீட்டில் வெளிக்கூண்டு எப்படி இருக்க வேண்டும்? இடத்திலிருந்து தொடங்க வேண்டும். கோயிலும் பழைய தெருக்களும் மலைக்குக் கிழக்கே இருப்பதால், மாலை வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரம் மறைந்துவிடும். நம்மை வறுப்பது முற்பகலும் உச்சி வெயிலும்தான். வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். ஆகவே கூண்டின் அந்த இரண்டு பக்கமும் பலகைச் சுவராக அடைபட வேண்டும். முகம் தெற்கே திறக்கட்டும், மேலே ஒன்றரை அடியாவது இறவாணம் நீண்டிருக்கட்டும். சித்திரை கடைசியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நம் ஊருக்குச் சற்று வடக்கே நிற்பதால், அந்த மாதங்களில் தெற்கு முகத்தில் நேர் வெயில் விழாது.

கூரைக்குத் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் தனியாக உதவாது. கீற்று குளிர்ச்சிதான், ஆனால் தீபாவளி ராக்கெட் ஒன்று விழுந்தால் போதும். பழைய வீடு இடிக்கிற இடங்களில் நாட்டு ஓடு இன்னமும் கிடைக்கிறது. பலகைக் கூரை மேல் அதை அடுக்கினால் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். மாடிதான் கதி என்றால், கூண்டுக்கு மேல் ஆள் உயரத்தில் பச்சை நிழல்வலைப் பந்தல் ஒன்று தனியாக வேண்டும். கூண்டைத் தளத்தில் ஒட்ட வைக்காமல் இரண்டடி உயர்த்த வேண்டும். பெரிய மண்பானை ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே வைத்துப் பாருங்கள். வெளியே சாக்கை நனைத்துப் போர்த்தினால் பானை குளிர்ந்து கிடக்கும்; பகல் முழுக்க முயல் அதற்குள்ளேயே இருக்கும். வளைக்கு ஏங்குகிற உடம்புக்கு நம் குயவர் செய்த பானையைவிடப் பொருத்தமான வீடு எனக்குத் தெரியவில்லை. தண்ணீரும் மண்சட்டியில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் பகல் 12 மணிக்கு வெந்நீராகிவிடும்.

தோட்டம் மிஞ்சியிருக்கிற அதிர்ஷ்டசாலிகள் தரையில் அடைப்பு போடலாம். அன்றைய பெட்டி தோற்ற இடத்தில் இது ஜெயிக்க வேண்டும். கோழி வலை வேண்டாம். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ். அடிப்பக்கத்தில் அதை வெளிப்புறமாக மடக்கி, ஓர் அடி அகலத்துக்கு மண்ணுக்குள் படுக்கப் போட்டால் முயல் உள்ளிருந்து தோண்டியும் போகாது, நாய் வெளியிலிருந்து தோண்டியும் வராது. பருந்துக்கும் பூனைக்கும் மேலே வலை. கொக்கி மட்டும் போட்டால் நம் ஊர்க் குரங்கு திறந்துவிடும், கொண்டியும் பூட்டும் வேண்டும். எறும்பு ஏறாமல் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறவர்கள் வாரம் இரண்டு முறையாவது அதைக் கொட்டி மாற்ற வேண்டும். டெங்குக் கொசு அதிலேயே முட்டையிடும்.

அளவைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். முயல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும், தொடர்ந்து மூன்று முறை தாவவும் இடம் வேண்டும். இரண்டு முயலுக்குப் பத்தடி நீளம், ஆறேழு அடி அகலம், மூன்றடி உயரம் என்பது வெளிநாட்டு முயல் நல அமைப்புகள் கேட்கும் அளவு. நம் மாடியில் அது முடியாவிட்டால், சிறிய கூண்டோடு காலையும் மாலையும் சில மணி நேரம் மாடியில் காவலோடு திரிய விடலாம். இரண்டு கினி பிக்குக்கு நான்கடிக்கு இரண்டடித் தரை என்பது குறைந்தபட்சம். இரண்டு இனமுமே துணை இல்லாமல் வாடும். ஆனால் ஆணும் பெண்ணுமாக விட்டால் முயல் 30 நாளில் குட்டி போடும், கினி பிக் இரண்டு மாதம் சொச்சத்தில். பெண் கினி பிக் குட்டி ஒரு மாத வயதிலேயே சினையாகிவிடக்கூடும். குட்டிகளுக்கு இடமில்லாதவர்கள் ஒரே பாலாக வாங்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவரிடம் கருத்தடை பற்றிக் கேட்க வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் தனியாகப் பேசப்பட வேண்டியவை. மழையில் நனைந்த படுக்கை, அதன் மேல் ஈ, இரண்டே நாளில் முயலின் பின்பக்கத்தில் புழு. சொறியும் அந்த ஈரத்தில் எளிதாகப் பரவும். அதே மாதங்களில் தீபாவளி வெடி, அடுத்து தீபத் திருவிழாவின் ஒலிபெருக்கியும் லட்சக்கணக்கான ஜனமும். திடீர்ச் சத்தத்துக்கு முயல் மிரண்டு ஓடிக் கம்பியில் மோதி முதுகெலும்பை முறித்துக்கொள்வது உண்டு. அந்த நாட்களில் அவற்றை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். கூண்டை அசைக்க முடியாது என்றால் ஒரு கூடையாவது தயாராக இருக்கட்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேரின் உயிர் போனதற்குப் பிறகு, மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் அவசரத்தில் வெளியேறுவதைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். கூடை இருந்தால், மனிதர்கள் போகும்போது அவையும் கூட வரும்.

இந்த ஊரில் ஒரு பிராணியின் இருப்பிடத்தை முன்கூட்டி யோசித்த நிகழ்ச்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. 1947 ஏப்ரலில் பரோடா ராணி ரமணாசிரமத்துக்கு ஒரு வெள்ளை மயிலைக் கொண்டுவந்தார். ஆசிரமத்திலிருந்து சூரி நாகம்மா எழுதிய கடிதங்களில் அது வருகிறது. எல்லோரும் அழகில் மயங்கி நிற்க, ரமணர் அங்கே ஏற்கனவே இருந்த மயில்கள் இதோடு சண்டையிடுமே, பூனையிடமிருந்து இதைக் காக்க வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டார்; அதன் இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாமே என்றும் கேட்டார். பசு லட்சுமிக்கும் நாய்க்கும் காக்கைக்கும் மானுக்கும் சமாதி எழுப்பிய ஆசிரமம் அது. வந்த உயிரை நேசிப்பதற்கு முன்னால் அது எங்கே பத்திரமாக இருக்கும் என்று கேட்ட அந்தக் கவலை, பண்டிகைக் கடையில் குழந்தை கை நீட்டியவுடன் முயலை வாங்கிவிடுகிற நமக்கு வேண்டும்.

சட்டமும் துணை இருக்கிறது. நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைத்து வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2018 விதிகளின்படி வளர்ப்புப் பிராணிக் கடைகள் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கும்போது அந்தச் சான்றைக் கேளுங்கள். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் நம் ஊரிலேயே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கே விசாரிக்கலாம்.

முயல் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கூண்டு வைக்கப்போகிற இடத்தில் ஒரு சித்திரை மாதப் பகல் 2 மணிக்குச் செருப்பில்லாமல் கால் மணி நேரம் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியாத இடம் முயலுக்கும் ஆகாது. நிழலான வேறு இடம் வீட்டில் இல்லை என்றால், முயல் வாங்க வேண்டாம்.