எட்டு போட்டால் மட்டும் போதுமா? டூவீலர் பயிற்சிப் பள்ளி தொடங்க என்னென்ன வேண்டும்?

"எட்டு போட்டாச்சா?"

அம்பத்தூர், பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போய்வந்தவர்களிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஸ்கூட்டர் சி.டி.எச். சாலைக்கு வந்துவிடும். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, மறுபக்கம் மாநகரப் பேருந்து.

மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் எட்டு சொல்லும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு கார் திடீரென்று குறுக்கே திரும்பினால் என்ன செய்ய வேண்டும்? அதற்கு எட்டில் பதில் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் டூவீலரில் சென்றவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, மொத்தம் 64,105.

யாரிடம் கற்றோம்?

கார் ஓட்ட வேண்டுமென்றால் டிரைவிங் ஸ்கூலைத் தேடுகிறோம். டூவீலருக்கு அப்பா, அண்ணன், தோழி போதும். தெருமுனை மைதானத்தில் இரண்டு நாள், பிறகு நேராக மெயின் ரோடு.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு நேரில் சென்று ஆராய்ந்தது. 1981-ல் வெளியான அந்த அறிக்கையின்படி, விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவிகிதம் பேர் தாங்களாகவோ, குடும்பத்தினர், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள்.

பிரிட்டனில் 1990 முதல் புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கட்டாயம். முதலில் மைதானம், பிறகுதான் சாலை. சாலையில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். அப்போது ஒரு பயிற்சியாளருடன் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது பிரேக் கிடையாது!

நம் ஊரில் டிரைவிங் ஸ்கூல் தொடங்குவதற்கான விதிகள் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கின்றன. பயிற்சி வாகனத்தில் பயிற்சியாளரும் வண்டியை நிறுத்தும் வகையில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கிறது விதி 24. அதிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. காரணம் எளிது, டூவீலரில் அப்படி ஒன்றைப் பொருத்தவே வழியில்லை.

காரில் கற்பவர் தவறு செய்தால் பக்கத்தில் இருப்பவர் பிரேக்கை மிதித்துவிடலாம். டூவீலரில் கற்பவர் முதல் நொடியிலிருந்தே தனியாள். அதனால்தான் டூவீலர் பள்ளிக்கு முதல் தேவை, தவறு செய்தாலும் பெரிய அடி படாத ஒரு மைதானம்.

பள்ளி தொடங்க...

* இடம் விண்ணப்பதாரருக்குச் சொந்தமாகவோ, குத்தகை அல்லது வாடகைக்கு எடுத்ததாகவோ இருக்கலாம். வகுப்பறையும் வண்டிகள் நிறுத்த இடமும் வேண்டும்.

* கற்றுத்தரும் ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஒரு வண்டி. அதைப் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

* பயிற்சியாளர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டு ஓட்டுநர் அனுபவமும் மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் தேவை.

* சாலைக் குறியீட்டு அட்டவணை, கரும்பலகை, பஞ்சர் கிட், ஸ்பேனர் செட், முதலுதவிப் பெட்டி போன்றவை இருக்க வேண்டும்.

* விண்ணப்பம் படிவம் 12-ல். உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

என்ன கற்றுத்தர வேண்டும்?

இன்ஜினை அணைத்த வண்டியைத் தள்ளுவது, ஸ்டாண்ட் போடுவது, நடை வேகத்தில் ஓட்டுவது என்று தொடங்கலாம். அடுத்து பிரேக். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைப் பார்த்து, பிரேக்கைப் பிடிக்கும் முன்பே அந்த 11 மீட்டர் போய்விடலாம்.

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் சக்தியும் முன்பக்கம்தான் அதிகம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, சீராக அழுத்தப் பழக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ்., அதற்குள் சி.பி.எஸ். கட்டாயம். ஆனாலும் பழக்கம் கைக்கு வர வேண்டும்.

பிறகு, லாரி டிரைவர் கண்ணுக்குப் படாத பக்கவாட்டில் ஓட்டாமல் இருப்பது, மணல் கிடக்கும் திருப்பத்தில் பிரேக்கைத் தவிர்ப்பது, மழைநீரில் மறைந்த பள்ளத்தை எதிர்பார்ப்பது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இவைதான் அன்றாடப் பாடம்.

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் இருக்கிறது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலின் பயிற்சிகள் அங்கே நடந்திருக்கின்றன. வேகமாக ஓட்டுபவர்களுக்கு அது நல்ல பள்ளி. ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் அம்மாவுக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி.

2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அதற்கு லைசென்ஸும் கேட்கப்பட்டது. வண்டிக்கு உதவி கிடைத்தது போல, ஓட்டக் கற்கவும் உதவி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சாவியைக் கொடுக்கும் முன்...

பக்கத்தில் பள்ளி இல்லையென்றால், பெற்றோர் இதையாவது செய்யலாம். எல்.எல்.ஆர். எடுத்த பிறகு, ஞாயிறு காலையில் காலி மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பதித்த ஹெல்மெட்டின் பட்டையை மாட்டச் சொல்லுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வரச் சொல்லி, ஒரு கோட்டில் வண்டியை நிறுத்தவையுங்கள். நன்றாக வந்ததும் 30-க்குப் போங்கள். வண்டி வழுக்காமல், கோணாமல், பத்து முறை தொடர்ந்து நிற்க வேண்டும்.

அதன்பிறகு எட்டு போடப் பழக்கலாம்.