வேதிச்சிகிச்சை

வேதிச்சிகிச்சை அல்லது கீமோதெரபி என்பது புற்றுநோய் உயிரணுக்களை மருந்துகளைக் கொண்டு அழிக்கும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் சிகிச்சை முறை ஆகும். அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெரும்பாலும் உடலின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செயற்படுகின்றன. வேதிச்சிகிச்சை மருந்துகள் குருதியுடன் கலந்து உடல் முழுவதும் செல்கின்றன. எனவே குருதிப்புற்றுநோய்க்கும், தோன்றிய இடத்திலிருந்து வேறு உறுப்புகளுக்குப் பரவிய புற்றுநோய்க்கும் இது முக்கியமான சிகிச்சையாக உள்ளது. இம்மருந்துகளுள் பல நலமான உயிரணுக்களுக்கும் நஞ்சாகக் கூடியவை. அவற்றை எந்த அளவில், எந்த மருந்துகளுடன் சேர்த்து, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதே இச்சிகிச்சையின் அடிப்படைக் கேள்வியாகும்.

புற்றுநோய்ச் சிகிச்சையின் வகைகள்

- அறுவைச் சிகிச்சை: கட்டியையும், தேவைப்படின் அதைச் சூழ்ந்த இழையங்களையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றுதல்.
- கதிர்வீச்சுச் சிகிச்சை: உயர் ஆற்றல் கதிர்களால் உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சிதைத்தல். 1895 ஆம் ஆண்டில் எக்சு-கதிர்களும் 1898 ஆம் ஆண்டில் ரேடியமும் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் இம்முறை வளர்ந்தது.
- வேதிச்சிகிச்சை: பிரிந்து பெருகும் உயிரணுக்களை மருந்துகளால் அழித்தல்.
- இயக்குநீர்ச் சிகிச்சை: மார்பகம், முன்னிற்கும் சுரப்பி போன்றவற்றில் தோன்றும் சில புற்றுநோய்களின் வளர்ச்சியைத் தூண்டும் இயக்குநீர்களைத் தடுத்தல்.
- இலக்குசார் சிகிச்சை: புற்றுநோய் உயிரணுவின் வளர்ச்சிக்குக் காரணமான குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தாக்குதல்.
- நோயெதிர்ப்புச் சிகிச்சை: உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே புற்றுநோயை அழிக்குமாறு செய்தல்.

பல நோயாளிகளுக்கு இவற்றுள் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ சேர்த்து அளிக்கப்படுகின்றன. அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கவும், அறுவைக்குப் பின் எஞ்சிய உயிரணுக்களை அழிக்கவும், குணப்படுத்த இயலாத நிலையில் துன்பத்தைக் குறைக்கவும் வேதிச்சிகிச்சை பயன்படுகிறது.

செயற்படும் முறை

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். சில மருந்துகள் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துச் சிதைக்கின்றன. சில, டி.என்.ஏ.வின் மூலப்பொருள்களைப் போல நடித்து அதன் ஆக்கத்தைத் தடுக்கின்றன. வேறு சில, பிரிவின்போது நிறப்புரிகளை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளைச் செயலிழக்கச் செய்கின்றன.

ஒரு முறை கொடுக்கப்படும் மருந்து, உயிரணுக்களில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டையே அழிக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஓவர்டு இசுக்கிப்பர் எலிகளில் செய்த ஆய்வுகளின் மூலம் 1960களில் காட்டினார். எடுத்துக்காட்டாக, 100 கோடி புற்றுநோய் உயிரணுக்களில் 99.9 விழுக்காடு அழிந்தாலும் 10 லட்சம் எஞ்சியிருக்கும். அந்நிலையில் கட்டி கண்ணுக்குத் தெரியாது. நோயாளியும் நலமாக உணரலாம். ஆயினும் சிகிச்சையை நிறுத்தினால் நோய் மீளக்கூடும். மருந்து பல சுற்றுகளாகக் கொடுக்கப்படுவதற்கு இது காரணம். நலமான எலும்பு மச்சை மீண்டும் குருதியணுக்களை உருவாக்குவதற்காகச் சுற்றுகளுக்கிடையே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமைகள் இடைவெளி விடப்படுகிறது.

வரலாறு

வேதிச்சிகிச்சை என்னும் பொருளுடைய சொல்லை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய அறிவியலாளர் பவுல் எர்லிச் உருவாக்கினார். அப்போது அது முதன்மையாகத் தொற்றுநோய்களுக்கான மருந்துகளைக் குறித்தது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட சல்வர்சான் என்னும் கிரந்தி நோய் மருந்து 1910 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

போர் நஞ்சிலிருந்து மருந்து

முதல் உலகப் போரில், 1917 ஆம் ஆண்டு பெல்சியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே செருமானியப் படை கடுகு வாயுவைப் பயன்படுத்தியது. இதனால் பாதிக்கப்பட்டவர்களின் குருதியில் வெள்ளையணுக்கள் குறைந்திருந்தமை பின்னர் அறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது யேல் பல்கலைக்கழகத்தில் லூயிசு குட்மேன், ஆல்பிரட் கில்மேன் ஆகியோர் இவ்வாயுவுடன் தொடர்புடைய நைட்ரசன் மசுடர்டு என்னும் சேர்மத்தை ஆராய்ந்தனர். 1942 ஆம் ஆண்டில் நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு அது செலுத்தப்பட்டது. கட்டிகள் விரைவாகச் சுருங்கின. ஆனால் நோய் மீண்டு அவர் இறந்தார். போர்க்கால இரகசியம் கருதி இம்முடிவுகள் 1946 ஆம் ஆண்டிலேயே வெளியாயின.

1943 திசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, ஓர் அமெரிக்கக் கப்பலில் மறைவாகக் கொண்டுவரப்பட்ட கடுகு வாயுக் குண்டுகள் சிதைந்து பலர் இறந்தனர். வேதிச்சிகிச்சை இந்நிகழ்விலிருந்தே தோன்றியது எனச் சில நூல்கள் கூறினாலும், யேல் ஆய்வு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. பாரியில் மருத்துவர் இசுட்டுவர்ட் அலெக்சாண்டர் திரட்டிய சான்றுகள் இந்நஞ்சு வெள்ளையணுக்களை அழிப்பதை மேலும் உறுதிப்படுத்தின.

ஃபோலிக் அமில எதிரிகள்

1931 ஆம் ஆண்டில், பம்பாயில் கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் ஒருவகைச் சோகையை நொதியச் சாறு குணப்படுத்துவதை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்சு அறிவித்தார். அதிலிருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. குருதியணுக்களின் உருவாக்கத்துக்கு இவ்வுயிர்ச்சத்து தேவை.

பாசுடன் நகரில் குழந்தைகளின் குருதிப்புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்கள் நோயை விரைவுபடுத்துவதாகக் கண்டார். அவ்வாறெனில் அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கலாம் எனக் கருதினார். அத்தகைய அமினோப்டெரினை லெடர்லே ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு உருவாக்கியிருந்தது. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் ஏற்பட்டதாக ஃபார்பர் 1948 ஆம் ஆண்டில் அறிவித்தார். எனினும் அந்நலம் சில மாதங்களே நீடித்தது.

கூட்டு மருந்துகள்

1950களில் மின் சியூ லி, ராய் எர்ட்சு ஆகியோர் மெத்தோடிரெக்சேட் மருந்தால், நச்சுக்கொடி இழையத்தில் தோன்றும் புற்றுநோயைக் குணப்படுத்தினர். கட்டி மறைந்த பின்னரும், நோயைக் காட்டும் இயக்குநீர் முற்றிலும் நீங்கும்வரை லி மருந்தைத் தொடர்ந்தார். தேவையற்ற நஞ்சைக் கொடுக்கிறார் எனக் கருதப்பட்டு அவர் பணியிலிருந்து விலக நேர்ந்தது. அவர் நிலைப்பாடு சரியானது எனப் பின்னர் ஏற்கப்பட்டது.

1960களில் எமில் பிரை, எமில் பிரைரைச், சேம்சு ஆலந்து ஆகியோர் குழந்தைகளின் குருதிப்புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். ஒரு மருந்துக்கு அடங்காத உயிரணுவை மற்றொன்று அழிக்கும் என்பது இதன் அடிப்படை. அவற்றுள் ஒன்றான வின்கிரிசுடின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. பல குழந்தைகளின் குருதி தூய்மையடைந்த பின்னரும், மருந்து எளிதில் நுழையாத மூளையில் நோய் மீண்டது. மெம்பிசு நகரின் புனித யூதா மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் குழுவினர், தலைக்குக் கதிர்வீச்சையும் முதுகுத்தண்டு நீரினுள் மெத்தோடிரெக்சேட்டையும் சேர்த்து அளித்தனர். 1960களின் இறுதியில் இச்சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் குணமடைந்தனர்.

பக்க விளைவுகள்

மயிர்க்கால்கள், வாய் மற்றும் குடலின் உட்புறம், எலும்பு மச்சை ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைவாகப் பிரிவதால், முடி உதிர்தல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, குருதியணுக் குறைவு ஆகியன ஏற்படுகின்றன. உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். வெள்ளையணுக்கள் குறைந்துள்ள காலத்தில் தோன்றும் காய்ச்சல், உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். 1990களில் பயன்பாட்டுக்கு வந்த ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் வாந்தியைப் பெரிதும் குறைத்துள்ளன. மருந்தின் வகையைப் பொறுத்து இதயம், சிறுநீரகம், செவி, நரம்பு, கருவளம் ஆகியவற்றில் நீண்டகாலப் பாதிப்புகளும் ஏற்படலாம்.

இன்றைய நிலை

வளர்ந்த நாடுகளில் தீவிர நிணநீரணுக் குருதிப்புற்றுநோய் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். மூளை வளர்ச்சிக்குத் தீங்கு விளைவிப்பதால் தலைக்கான கதிர்வீச்சு அவர்களுள் பெரும்பாலோருக்கு இப்போது தவிர்க்கப்படுகிறது. 2001 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் முதலான இலக்குசார் மருந்துகளும், 2018 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசுக்குரிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த நோயெதிர்ப்புச் சிகிச்சைகளும் சில புற்றுநோய்களில் வேதிச்சிகிச்சையின் இடத்தைப் பெற்றுள்ளன. வேறு பலவற்றில் அவை வேதிச்சிகிச்சையுடன் சேர்த்தே அளிக்கப்படுகின்றன.