நண்பகல் வெயிலும் மஃரிப் நேர விளக்கும்

மாற்றுச் சக்தி பற்றி எழுதச் சொன்னால் "சூழலை மாசுபடுத்தாது, செலவு குறைவு" என்று எழுதி முடித்துவிடுவோம். அதில் பொய்யில்லை. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் 900 மெகாவோட்டுக்கும் வேண்டிய நிலக்கரி கப்பலில்தான் வருகின்றது. 2022 இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாதபோது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தோம். வெயிலுக்கும் காற்றுக்கும் யாரும் டொலர் கேட்பதில்லை.

ஆனால் வெயில் நமது நேரத்துக்கு வருவதில்லை. இலங்கையில் மின்பாவனை உச்சத்தைத் தொடுவது மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். சமையல், தொலைக்காட்சி, மறுநாள் சீருடையை அயன் பண்ணுவது எல்லாம் மஃரிப் பாங்குக்குப் பிறகுதான். அந்நேரம் கூரையிலுள்ள சோலார் தகடுகள் ஓய்ந்துவிடும்.

நண்பகலில் பிரச்சினை வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கை வைத்து எல்லோரும் சிரித்தோம். ஒரு குரங்கால் இது எப்படி முடிந்தது? விடுமுறை நாளில் பாவனை குறைவு, வெயிலோ அதிகம். ஆகவே மின்சாரத்தின் பெரும்பங்கு சூரியனிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீர், அனல் மின் நிலையங்களில் பாரமான சுழலிகள் சுழல்கின்றன. பௌதிகவியலில் நாம் படிக்கும் சடத்துவம் அவற்றுக்கு உண்டு. கோளாறு நேர்ந்தாலும் அவற்றின் வேகம் சட்டென்று மாறாது; மீடிறன் 50 ஹேட்ஸை ஒட்டி நிற்கும். சோலார் தகட்டில் சுழல்வதற்கு எதுவுமில்லை. தாங்கிப் பிடிக்கப் போதிய சுழலிகள் இல்லாததால் வலையமைப்பு சரிந்தது. அவ்வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இந்தப் பயத்தினால்தான்.

காற்று இரவிலும் வீசும். மன்னாரில் 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவோட் வரை தரக்கூடியவை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் அவற்றுக்கு அறுவடைக் காலம். ஆயினும் மன்னார், பூநாரை முதலிய வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம். அங்குள்ள மக்களே 2025 இல் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். "சுத்தமான சக்தி" என்ற சொல் அவர்களுக்குப் போதவில்லை.

நீர் மின்சாரமும் இலவசமாகக் கிடைத்ததல்ல. விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரையே மூழ்கடித்தது. மழை பொய்த்தால் அதுவும் கைவிடும். ஆனால் வேண்டிய நேரத்தில் திறந்துவிடக்கூடியது அது ஒன்றுதான். எனவே இன்னும் தகடுகளை அடுக்குவதற்கு முன், சேமிக்கும் வழியைத் தேட வேண்டும் என்பது என் எண்ணம். நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலுள்ள தேக்கத்துக்கு ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம். ஏற்றி இறக்குவதில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நட்டமாகும். அணை கட்டி முடிக்கப் பல வருடங்கள் செல்லும். மின்கலத் தொகுதிகளை விரைவாக நிறுவலாம், ஆனால் அவை தேய்ந்துபோகும், அவற்றை வாங்க மறுபடியும் டொலர்தான் வேண்டும்.