சிறுநீரக நோயும் பொட்டாஷ் சத்தும்

பயிருக்குச் சாம்பல் சத்து இடும் விவசாயிகள் அனைவரும் பொட்டாஷை அறிவர். வாழையும் தென்னையும் இச்சத்தை மண்ணிலிருந்து மிகுதியாக எடுத்துக் கொள்பவை. எடுத்ததில் ஒரு பங்கு பழத்திலும் இளநீரிலும் சேர்கிறது. திடகாத்திரமான உடலுக்கு இதனால் நன்மையே. நாட்பட்ட சிறுநீரக நோய் முற்றியவருக்கோ இதே சத்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

உணவில் வரும் பொட்டாசியத்தில் தேவைக்கு மிஞ்சியதைப் பெரும்பாலும் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அது பழுதுபட்டால் மிச்சம் இரத்தத்தில் தங்குகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இதன் அளவு 3.5 முதல் 5 வரை இருப்பது இயல்பு. 6.5-க்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, முன்னறிவிப்பின்றி நின்றுவிடவும் கூடும்.

டயாலிசிஸ் செய்து கொள்பவரைப் பார்க்கச் செல்லும் உறவினர்கள் இளநீரும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிச் செல்கின்றனர். ‘சூடு தணியும்’ என்று வற்புறுத்திக் குடிக்க வைப்போரும் உண்டு. இந்த உபசாரத்தை அறவே விட வேண்டும். இரண்டு ஆப்பிளோ, ஒரு துண்டு அன்னாசியோ கொடுத்தால் போதும்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் சிலர் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குகின்றனர். அதில் சோடியத்திற்குப் பதிலாகக் கலக்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. உர மூட்டையில் வரும் மியூரியேட் ஆப் பொட்டாஷும் இதே பொருள்தான்! சிறுநீரக நோயாளிக்கு இது கூடாது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுவது நல்லது.

காய்கறிகளைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்து வடிக்க வேண்டும். பிறகு புதுத் தண்ணீர் தாராளமாக விட்டு வேக வைத்து, அதையும் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். கீரை வேக வைத்த நீரை ரசத்தில் சேர்க்கும் வழக்கம் இங்கு உதவாது.

இக்கட்டுப்பாடு எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானதல்ல. ஆரம்ப நிலையில் உள்ள பலருக்குப் பழத்தை நிறுத்தத் தேவையில்லை; பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாற்று நட்ட அலுப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை எந்த நிலையிலும் கெடுதலே. அவற்றுள் பல, மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் பாழாக்கும்; பொட்டாசியத்தையும் ஏற்றிவிடும்.