பட்டியலில் நம் பிள்ளை எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தோட்டத்துக் கோப்பிக்கடையில் என்ன பேச்சு நடக்கிறது? எங்கள் கடையில் ஒரே பேச்சுத்தான். காற்பந்து! அதிலும் நமது ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது ஜே.டி.டி. குழுவைப் பற்றிய பேச்சு.

2025 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆசியாவின் தலைசிறந்த குழுக்கள் மோதும் வெற்றியாளர் கிண்ணப் போட்டியில், கடைசி 16 குழுக்களில் ஒன்றாக நின்ற ஜே.டி.டி., தாய்லாந்தின் புரிராம் குழுவிடம் தோற்றுப் போயிருந்தது. இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது, பேச்சு மட்டும் ஆறவில்லை.

“அரிஃப் ஐமானை வலது பக்கமே நிறுத்தி வெச்சா எப்படிலா? நடுவுல விட்டுப் பார்த்திருக்கணும்” என்றார் செம்பனைக் குலை லாரி ஓட்டும் அண்ணன்.

“பெர்க்சன் ஒரு ஆளு எத்தனை பேர இடிச்சிக்கிட்டுப் போவாரு? பக்கத்துல இன்னொருத்தர் வேணாமாண்ணே?” என்றான், தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பையன்.

“விடுங்கப்பா! லீக் கிண்ணம் எப்படியும் நமக்குத்தான். அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்” என்று சமாதானம் சொன்னார் கடைக்காரர்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஓய்வுபெற்ற மண்டோர் ஐயா மெல்லக் கேட்டார்: “எல்லாம் சரிடா. எறங்கின 11 பேர்ல நம்ம புள்ள எங்க?”

மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல முடியாமல் போனவர்களில் நானும் ஒருவன். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

எப்படி வளர்ந்தது இந்தக் குழு?

கடைக்காரர் சொன்னது சரிதான். 2014 முதல் 2024-25 பருவம் வரை ஒன்றைக்கூட விடாமல் 11 முறை மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை ஜே.டி.டி. வென்றது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா?

நம்மில் வயதானவர்கள் பழைய ஜொகூர் குழுவை அறிவார்கள். 1985-இலும் 1991-இலும் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு அது. பிறகு நெடுங்காலம் தளர்ந்து கிடந்தது. 2012-இல் துங்கு இஸ்மாயில் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். 2013-இல் ஜே.டி.டி. என்ற பெயரில் புதிய குழு களமிறங்கியது. 2015 அக்டோபர் 31-ஆம் தேதி, தாஜிகிஸ்தான் நாட்டின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என்று தோற்கடித்து ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை முதலில் தூக்கிய குழு நம் ஜொகூர்தான். 2020-இல் லார்க்கின் திடலை விட்டு, 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராஹிம் அரங்கத்திற்குக் குடிபெயர்ந்தது.

பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பணத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. சிறுவயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி தந்து, படிப்படியாக மேலே ஏற்றுகிற ஏற்பாடு. பெரிய குழுவின் பட்டியல் ஆட்டத்தன்று எழுதப்படுவதாக நாம் நினைக்கிறோம். அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே, ஏதோ ஒரு பள்ளித் திடலில் எழுதத் தொடங்கப்பட்டுவிடுகிறது.

நமக்கும் ஒரு காலம் இருந்தது

மண்டோர் ஐயா கேட்டதில் நியாயம் உண்டு. அவர் இளைஞராக இருந்தபோது தேசியக் குழுவில் நம்மவர் இல்லாமல் ஆட்டம் கிடையாது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவில் எம். சந்திரன் இருந்தார். நீண்ட கைகளால் பந்தைப் பறித்து ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை யார் மறப்பார்கள்? 1980-இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் காவலர் அவர். அரசியல் காரணத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கிற்குப் போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் அவரும் மறைந்தார். 2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் கண் கலங்கினார்களே, அது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அத்தோடு முடிந்துவிடவில்லை. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என்று வென்று, மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கியபோது, பயிற்சியாளர் கே. ராஜகோபால். அக்குழுவில் வேகமாக ஓடிய எஸ். குணாளன் பின்னர் ஜே.டி.டி. சட்டையையும் அணிந்தார்.

மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் ஒரு குழு வளர்ந்து, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் பையன்கள் பலருக்கு அது கதவாக இருந்தது. 2022 பருவத்தோடு அந்தக் குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. கதவு சாத்தப்பட்டது.

தோட்டங்களின் கதையும் நமக்குத் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீட்டு மனையாயின. லயத்தின் முன்னே இருந்த திடல் காணாமல் போனது. பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். திடல் போனதற்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் நம் கையில் இருந்ததையும் நாம் விட்டோமே, அதற்கு யார் பொறுப்பு?

நான் செய்த தவறு

வாசகர்களே, இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2010-ஆம் ஆண்டு. என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். இடது காலால் அவன் பந்தை அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அவன் ஆட்டத்தைக் கண்டவர்கள், ஒரு சனிக்கிழமை நடக்கவிருந்த தேர்வு முகாமுக்கு வரச் சொன்னார்கள். அதே சனிக்கிழமை யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான கூடுதல் வகுப்பு.

பால் வெட்டிவிட்டுக் களைப்போடு வந்த தகப்பனார், பள்ளி வாசலில் நின்று கேட்டார்: “வாத்தியாரே, அனுப்பலாமுங்களா?”

“பந்து சோறு போடாதுங்க. படிப்புதான் போடும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிங்க” என்று திரும்பிப் போனார். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.

அந்தச் சனிக்கிழமை பையன் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அன்று சொல்லிக்கொடுத்த கணக்கு எது என்று எனக்கு நினைவில்லை. அவன் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு வகுப்பைத் தவறவிட்டிருந்தால் அவன் தேர்வில் தோற்றிருப்பானா? இல்லை. மறுநாள் மாலை அரைமணி நேரத்தில் அதை நானே சொல்லிக்கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் பையன் என்றேனே, அவன்தான் இவன். மண்டோர் ஐயா அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவன் கோப்பிக் குவளையைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, “போனாத்தான தாத்தா பட்டியல்ல பேரு வரும்” என்றான். என்னைக் குறை சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் எனக்குச் சுட்டது.

அன்று போயிருந்தால் அவன் ஜே.டி.டி.யில் ஆடியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கில் வருவார்கள், சிலரைத்தான் எடுப்பார்கள். ஆனால் போய்த் தோற்பது வேறு, போகாமலே இருப்பது வேறு.

பெற்றோர்களே, கேளுங்கள்

பள்ளியில் நன்றாக ஆடும் பிள்ளை மாவட்டப் போட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மாநிலம், அதன்பின் தேசியப் பள்ளிகளுக்கிடையிலான போட்டி. இதுதான் ஏணி. நம் ஜொகூரிலேயே, கோத்தா திங்கி மாவட்டத்துப் பண்டார் பெனாவாரில், துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. பகாங் மாநிலத்துக் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரால் தேசியக் காற்பந்துக் கல்விக்கூடம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் படிப்பும் உண்டு, பந்தும் உண்டு. படிப்பைக் கைவிட்டால்தான் விளையாட்டு என்ற நிலை இல்லை.

ஆகவே, தேர்வு முகாம் எப்போது, எங்கே, யார் அழைத்துப் போவது என்று பள்ளியில் கேளுங்கள். வண்டிச் செலவு கையைக் கடித்தால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள். பூட்ஸ் சிறியதாகிப் போனால் அடுத்த வீட்டுத் தம்பிக்குக் கொடுங்கள். பெண் பிள்ளை ஆடினாலும் தடுக்காதீர்கள். என்னைப் போன்ற வாத்தியார் ஒருவர் வேண்டாம் என்றால், பணிந்து திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்காக நாங்கள் பறித்த சனிக்கிழமைகளைத் திருப்பித் தர முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை இருக்கிறது. அந்தப் பையனிடம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க வருவாயா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “எத்தனை மணிக்கு சார்?” என்றான்.

இப்போது 14 பிள்ளைகள் வருகிறார்கள். மண்டோர் ஐயா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு திடலோரம் உட்கார்ந்து, ஒவ்வொருவன் பெயரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.